ஒன்பதாவது சிப்

கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள் ஓடிக்கொண்டிருந்தன, மேல் மூலையில் நூற்றுக்கு முப்பத்தொன்று என்று காட்டியது, சிவப்பு இன்னும் வரவில்லை. சிவப்புக் கோடு வந்தால் கம்ப்யூட்டரின் ரேம் கெட்டது என்று பிரமீளா சொல்லியிருந்தாள். வராவிட்டால் நல்லது என்று அவள் சொல்லவில்லை. அதைத் திருமூர்த்தி வந்து உட்கார்ந்த உடனேயே கவனித்துவிட்டார், கவனித்ததிலிருந்து அந்தச் சொல்லாத பாதி உள்ளங்காலில் தைத்த நெருஞ்சி மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. காந்திபுரத்தில் முதல் மாடியில் கம்ப்யூட்டர் சாமான் கடை. பன்னிரண்டு நாற்பது மணி வெயில் ஷட்டருக்கு வெளியே படிக்கட்டுவரை வந்து நின்றது. இந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பழைய ரேமைக் கொண்டுவந்து புதிது கேட்டால், பழையதைத் தன் மேசை மிஷினில் மாட்டி முழுச் சுற்று சோதித்துப் பார்க்காமல் பிரமீளா எதையும் எடுத்துக் கொடுக்க மாட்டாள். வியாதி தெரியாம மருந்து எப்படிங்க குடுக்கறது என்பாள். ஐம்பதை நெருங்கும் பெண், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு யாருடையதோ மிஷினைப் பிரித்துப் போட்டிருந்தாள். திருமூர்த்தி கொண்டுவந்த இரண்டு ரேமில் ஒன்று பத்தரைக்கே மாட்டி ஓட்டியாகிவிட்டது, அது சுத்தம். இப்போது ஓடுவது இரண்டாவது. என் மிஷின் ஒருநாள்கூட நின்றதில்லையே என்று அவர் ஆரம்பத்தில் கொஞ்சம் பெருமையாகவே சொன்னதற்கு அவள் திருப்புளியைக்கூடக் கீழே வைக்காமல் பதில் சொன்னாள். "நின்னுபோற ரேம் நல்லதுங்க சார், உடனே தெரிஞ்சுபோயிரும். நிக்காம ஓடிட்டே தப்பாப் போடறது இருக்குது பாருங்க, அதுதான் ஆளைக் கொல்லும்." பேச்சுக்குச் சொன்னதுதான். எல்லோரும் சொல்வதுதான், பஸ் நெரிசல் ஆளைக் கொல்கிறது, வெயில் ஆளைக் கொல்கிறது. ஆனால் அதற்குப் பிறகு திருமூர்த்திக்கு நாற்காலியில் முதுகு சாயவில்லை.

முப்பத்துநான்கு. அந்த மிஷினை அவர்தான் கட்டினார், தன் கையால், சிங்காநல்லூர் வீட்டின் முன்னறையில், பாய் விரித்து. கட்டட வரைபடம் போடுகிறவர் அவர்; வீட்டுக்காரர்கள் சொல்லும் ஆசைகளுக்குக் கம்பியும் கான்கிரீட்டும் கணக்குப் போட்டுக் கொடுப்பது இருபத்தெட்டு வருடத் தொழில். கடையில் கட்டிவைத்த கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களை அவர் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் மதர்போர்டு வாங்க இதே கடைக்கு வந்தபோது, கணக்கு வேலைக்கென்றால் தப்பைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் ரேம் ஒன்று இருக்கிறது, அதற்கு ஏற்ற போர்டும் இருக்கிறது, அதைப் போடுங்கள் என்று பிரமீளா எடுத்துக் காட்டினாள். பச்சைப் பட்டையில் வரிசையாகக் கறுப்புச் சிப்புகள், மற்றதில் எட்டு, இதில் ஒன்பது. எட்டு சிப்பு வேலை செய்யும், ஒன்பதாவது அந்த எட்டும் ஒழுங்காக வைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் என்றாள். சும்மா பார்ப்பதற்கு ஒருத்தனா, எங்கள் சைட்டில்கூட அப்படி ஒருத்தனை நான் வைத்துக்கொள்வதில்லை என்று அவர் சிரித்தார், அவளும் மரியாதைக்குச் சிரித்தாள். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். ஒற்றை ரேம் போட்டு ஓட்டினார். போன சித்திரையில், மூடிப்போன ஒரு அச்சகத்தின் பழைய மிஷினிலிருந்து ஒரு ரேமைக் கழற்றிக்கொண்டு வந்து பக்கத்திலேயே செருகினார், வேறு கம்பெனி, வேறு வேகம், ஜோடி சேராதது. செருகினார், ஓடியது, ஓடினால் சரி. மிஷினுக்குள் போய் அதன் வேகத்தையும் ஒரு படி ஏற்றிவைத்தார், ஏற்றியதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இரண்டு நாள் தவித்தார்கூட. பத்து மாதம். பத்து மாதமாக அது ஒரு முனகல் இல்லாமல் ஓடியது, திங்கட்கிழமை தங்கை மகளின் கல்யாணப் படத்தைத் திறந்து, மாப்பிள்ளையின் மூக்குக்குக் கீழே எல்லாம் பச்சையாக இருப்பதைப் பார்க்கும்வரை. மேலே சிரிக்கும் கண்கள், கீழே பாசி பிடித்த பச்சை. நேற்றுவரை நன்றாக இருந்த படம்தான். இன்னொரு படத்தைத் திறந்தார், அதில் தங்கையின் இடது கை இருந்த இடத்தில் கோடு கோடாக ஒன்றுமில்லை. பார்த்ததும் முதலில் படத்துக்காகத்தான் வருத்தப்பட்டார், தேநீர் குடித்து முடிக்கும்போதுதான் வேறொன்று மெதுவாக ஏறி வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. படம் கெட்டால் பச்சையாகத் தெரிகிறது. எண் கெட்டால் எப்படித் தெரியும்? எண் கெட்டால் இன்னொரு எண்ணாகத்தான் தெரியும்.

நாற்பத்திரண்டு. சிவப்பு இல்லை. மணி பன்னிரண்டு ஐம்பது. இன்று புதன்கிழமை, ராகு காலம் ஒன்றரைக்கு முடிகிறது. திருமூர்த்தி ராகு காலம் பார்க்கிறவர் இல்லை, பார்க்கிறவர்களை மேஸ்திரிகள் முன்னால் வைத்தே கிண்டல் செய்கிறவர், ஆனால் இன்று காலையிலிருந்து ராகுவைத் தவிர அவருக்கு நாதியில்லை. கோமங்கலத்தில் அவருடைய தங்கை சாந்தாமணி வீடு கட்டுகிறாள். வாசலில் தூணே இல்லாமல் ஆறடி முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு போர்டிகோ, கார் திரும்பத் தூண் இடைஞ்சல் என்று மாப்பிள்ளை, சாந்தாமணியின் கணவர், கேட்டார், செய்யலாமே என்று திருமூர்த்தி போட்டுக்கொடுத்தார். கான்கிரீட் போட்ட வாரமே சாந்தாமணியின் மாமியார் போய்விட்டார், துக்கத்தில் வேலை நின்றது, சிலாப்பைக் கீழேயிருந்து தாங்கும் சவுக்குக் கட்டைகள், முட்டு என்பார்கள், மூன்று மாதமாக அப்படியே நின்றன. தோப்பு வீட்டுக்காரர்கள், கட்டை சொந்தக் கட்டை, யாரும் அவசரப்படுத்தவில்லை. இன்று காலை எட்டு மணிக்கு அவள் கூப்பிட்டாள். ராகு காலம் முடிந்ததும் மாரப்பண்ணன் முட்டுப் பிரிக்கிறார், பூசணிக்காய் வாங்கி வைத்திருக்கிறேன், நீங்க வந்தா நல்லாருக்கும்ணா என்றாள். வேலை இருக்கிறது அம்முணி என்றார். ஏன் அப்போதே நிறுத்தச் சொல்லவில்லை? இதை அவர் இன்று இருபதாவது தடவையாகக் கேட்டுக்கொள்கிறார். நிறுத்து என்றால் ஏன் என்பாள். என் கம்ப்யூட்டரில் உங்கள் மகளின் கல்யாணப் படம் பச்சையாகிவிட்டது, அதனால் உங்கள் வீடு விழலாம் என்று எப்படிச் சொல்வது? மாப்பிள்ளை சிரிப்பார், ஊரில் சொல்லிச் சிரிப்பார். முதலில் நிச்சயப்படுத்திக்கொள்வோம், ஒரு சுற்று ஓடட்டும். கிளம்புவதற்கு முன்னால் வீட்டு பீரோவின் முன்னால் நின்றார், உள்ளே அந்த போர்டிகோவின் பிரிண்ட் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு இருந்தது, விரித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பூட்டில் சாவியைக்கூட வைத்தார். பிறகு சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இங்கே வந்துவிட்டார். பயம். வேறு பேர் வைக்க முடியாது, பயம்தான்.

முட்டுப் பிரிப்பதை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். வெளியே நீட்டிய முனையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், ஒருவன் அடியில் போய்க் குனிந்து நின்று கட்டையின் காலைச் சுத்தியால் தட்டுவான், கட்டை சரியும், அடுத்தது, அடுத்தது, ஒவ்வொன்றாகச் சரியச் சரிய எடை மேலே இருக்கும் கம்பிக்குப் போகும். கடைசிக் கட்டை வரைக்கும் அவன் அடியில்தான் நிற்பான். அந்த ஒருவன் எப்போதும் மாரப்பன். மாரப்பன் கம்பி கட்டுகிற மேஸ்திரி, திருமூர்த்தியின் வரைபடங்களுக்கெல்லாம் பதினைந்து வருடமாக அவர்தான் கம்பி கட்டுகிறார், தான் கட்டிய கம்பியின் முட்டைத் தானே பிரிப்பது என்று ஒரு பிடிவாதம், அடுத்தவனை அடியில் விடமாட்டார். மாரப்பன் ஒரு தடவை கூப்பிட்டார். ஆமாம், கூப்பிட்டார், இதே போர்டிகோவுக்குக் கம்பி வளைக்கிற அன்று. அன்னூரில் ஒரு கல்யாணப் பந்தி. இலையில் என்ன இருந்தது என்றுகூட ஞாபகம் இருக்கிறது, முட்டைக்கோஸ் பொரியல், வாழைக்காய், அப்பளம் பாயசத்தில் விழுந்து ஊறிப்போயிருந்தது. பக்கத்து இலையில் ரிட்டயர்டான பொதுப்பணித்துறை இஞ்சினியர் ஒருவர், பெரிய மனிதர், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது கையில் போன். மாரப்பன் ஏதோ ஓர் அளவைச் சொல்லி, சரிதானுங்களா என்று கேட்டார். என்ன அளவு? அதுதான் வரவில்லை. அப்பளம் வருகிறது, இஞ்சினியரின் மோதிரம் வருகிறது, பரிமாறுகிறவன் ரசத்தை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் நின்றது வருகிறது, அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை. காதில் விழாமல் இல்லை. விழுந்தது, வாங்கிக்கொள்ளவில்லை. தான் சொன்ன பதில் மட்டும் முழுசாக ஞாபகம் இருந்தது, பக்கத்து இலைக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்ன பதில். "படம் போட்டது நானில்லய்யா, மிஷின். மிஷினுக்குத் தப்பு வராது. படத்துல இருக்கறதைப் போடறதுக்குத்தான் நீ, என்னைக் கேள்வி கேக்கறதுக்கு இல்ல." இஞ்சினியர் தலையாட்டி, இவங்களுக்கெல்லாம் அப்படித்தான் சொல்லணும் என்றார். திருமூர்த்திக்கு அன்று பாயசம் ருசித்தது.

ஐம்பத்தேழு. பிரமீளா எழுந்து வந்து திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேசையில் இரண்டு டப்பாவை எடுத்து வைத்தாள். ஒன்றில் ஒரே கம்பெனி, ஒரே நாள், ஜோடியாகச் சோதித்து அடைத்த இரண்டு ரேம், இருக்கிற போர்டிலேயே போட்டுக்கொள்ளலாம், வேகத்தை மட்டும் ஏற்றக் கூடாது. இன்னொன்று அந்தப் பழைய கதை, ஒன்பது சிப், போர்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். யோசிச்சு வைங்க என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், புளிக்குழம்பு வாசனை அறை முழுக்கப் பரவியது. ஜோடியா, ஒன்பதா. பாலிடெக்னிக்கில் ராமநாதபுரத்துக்கார வாத்தியார் ஒருவர் ஈரடிமான எண்களை நான்கு பல்பு வைத்துச் சொல்லிக்கொடுத்தார். முதல் பல்பு எரிந்தால் எட்டு, இரண்டாவது நாலு, மூன்றாவது இரண்டு, கடைசி ஒன்று. எரிகிறதையெல்லாம் கூட்டினால் எண். மிஷினுக்குள் இருப்பது அவ்வளவுதான், பல்பு எரியும் அல்லது எரியாது, அதை எரியவிட்டபடி வைத்திருப்பதுதான் ரேமின் வேலை. ஒரு பல்பு கண்ணயர்ந்தால்? போர்டிகோவுக்கு என்ன கம்பி கணக்கு வரும், மிஷின் இல்லாமலே சொல்லலாம், மேல்வரிசையில் பன்னிரண்டு எம்எம். பன்னிரண்டு என்றால் எட்டும் நாலும். முதல் பல்பும் இரண்டாவதும் எரிகின்றன. இரண்டாவது மட்டும் அணைந்தால். அவர் விரல் தொடையில் நான்கு தடவை தட்டியது, எட்டு, நாலு, இரண்டு, ஒன்று. நாலு அணைந்தால் மிச்சம் எட்டு. எட்டு எம்எம் என்று ஒரு கம்பி கடையில் இல்லாமல் இருந்தால் யாராவது சிரித்திருப்பார்கள், ஆனால் இருக்கிறது, நல்ல கம்பி, எல்லா சைட்டிலும் கட்டுக் கட்டாகக் கிடக்கும். பன்னிரண்டின் பலத்தில் அதற்குப் பாதிகூடக் கிடையாது. மணி ஒன்று பத்து. ராகு இன்னும் இருபது நிமிடம் கோமங்கலத்து வாசலில் காவல் நிற்பார். இது கற்பனை, மடியில் கனம் இருப்பதால் வழியெல்லாம் பயம், எத்தனை கோடிப் பல்பு இருக்கிறது, அந்த ஒன்றுதானா அணைய வேண்டும், கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை மூக்குக்குக் கீழே அணைந்த மாதிரி வேறு எங்காவது. எட்டு. எட்டு. சொல்லச் சொல்ல அது வாய்க்குப் பழக்கப்பட்ட சொல்லாக இருந்தது. ஏன் இவ்வளவு பழக்கமாக இருக்கிறது? அப்போது திரையில் ஒரு கோடு சிவப்பாக விழுந்தது. சத்தமே இல்லை. இப்படி இருந்திருக்க வேண்டும் என்று ஓர் எண், பக்கத்தில் இருந்தது என்று இன்னோர் எண், இரண்டுக்கும் நடுவில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். பிரமீளா சோற்றுக் கையோடு எட்டிப் பார்த்து, பாத்தீங்களா என்று மட்டும் சொன்னாள். அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே அன்னூர்ப் பந்தி முழுசாகத் திரும்பி வந்தது, அப்பளம், மோதிரம், ரசம், போனை வைப்பதற்கு முன்னால் தான் கடைசியாகச் சொன்ன ஒன்று, இவ்வளவு நேரம் எங்கேயோ ஒளிந்திருந்தது. எட்டுன்னா எட்டுதான்யா. தன் குரல்தான்.

சாந்தாமணியை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை, பூசணிக்காய்க்குள் சூடமும் குங்குமமும் வைத்துக்கொண்டிருப்பாள், போன் அடுக்களையில் கிடக்கும். மறுபடி. எடுக்கவில்லை. மணி ஒன்று இருபத்தைந்து. மாரப்பனின் எண்ணைத் தேடும்போது விரல் வேறு இரண்டு பேருக்குப் போய்த் திரும்பியது. மூன்றாவது மணியில் எடுத்தார், பின்னால் கட்டையைத் தட்டிப் பார்க்கும் சத்தம். எங்கே நிற்கிறாய் என்று கேட்டார் திருமூர்த்தி. அடியிலதானுங்க சார், இன்னும் அஞ்சு நிமிசம் இருக்குது, மொதக் கட்டையைப் பார்த்து வெச்சிட்டிருக்கறேன் என்றார் மாரப்பன். வெளியே வா என்றார். எதுக்குங்க என்று கேட்டார் மாரப்பன். கேள்வி கேட்காதே என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது, இருபத்தெட்டு வருடப் பழக்கம், அதை விழுங்கினார். முதலில் வெளியே வா மாரப்பா, மேல்கம்பி எட்டு போட்டது தப்பு, பன்னிரண்டு போட்டிருக்க வேண்டும், முட்டைத் தொடாதே என்றார். மாரப்பன் செருமினார். "கோவிச்சுக்காதீங்க சார். இந்த வூட்டுக்கு நான் பன்னெண்டுதானுங்க போட்டிருக்கறேன். முன்னால இந்த மாதிரிக்கெல்லாம் பன்னெண்டுதான குடுத்தீங்க, எட்டுன்னதும் மனசு ஒப்பல. நம்ம அம்முணி வூடாச்சேன்னு தைரியமாப் போட்டுட்டேன். சொன்னாச் சத்தம் போடுவீங்கன்னுதான் சொல்லல."

திருமூர்த்தியின் கண் நிறைந்துவிட்டது. பிரமீளா பார்க்கிறாளே என்றுகூடத் தோன்றவில்லை. சாந்தாமணியின் வாசல் நிற்கிறது, மாரப்பன் நிற்கிறார், பூசணிக்காயை உடைத்துக்கொள்ளட்டும், ராகுவுக்கு நன்றி, இந்த மனுஷனுக்கு நேரில் போய் ஏதாவது செய்ய வேண்டும், வேட்டி எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாரோ, முதலில் மன்னிப்பு. அந்த நிம்மதி ஒரு மூச்சுக்குத்தான் இருந்தது. திருமூர்த்திக்கு ஒரு வேலை முறை உண்டு, எல்லா வரைபடக்காரர்களுக்கும் உண்டு. புதிதாக ஒரு படம் போடும்போது வெற்றுத் தாளில் ஆரம்பிக்க மாட்டார், முன்னால் போட்ட ஒன்றைத் திறந்து, பெயரை மாற்றிச் சேமித்து, நீள அகலத்தைத் திருத்திக்கொள்வார். நீட்டு சிலாப் வந்தால் சாந்தாமணி போர்டிகோவைத்தான் திறப்பார், அது அவர் போட்டதிலேயே அழகானது. கம்பியைத் திருத்த வேண்டியிருக்காது, அது ஏற்கெனவே கணக்குப் போட்டது. இந்த மூன்று மாதத்தில் எத்தனை தடவை திறந்தார்? போனில் மாரப்பன் இன்னும் இருந்தார். மற்ற வீட்டுக்கெல்லாம் என்ன போட்டாய் மாரப்பா என்று கேட்டபோது குரல் அவருடையதாகவே இல்லை. "மத்தவிய வூட்டுல நான் எப்படிங்க என் இஷ்டத்துக்குப் போடறது? படத்துல இருந்ததுதானுங்க. டாக்டர் வூட்டுப் பால்கனிக்கு எட்டு இருந்துச்சு, எட்டுதான் போட்டேன். கேக்கலாம்னு போனைக் கையில எடுத்தனுங்க." குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அன்னைக்கு அப்படிச் சொன்னீங்களே, அதுக்கப்புறம் நான் கேக்கறதில்லைங்க."

கிணத்துக்கடவு பல் டாக்டர் வீடு. கீழே பழைய ஆஸ்பத்திரி, மேலே புதிதாகக் கட்டிய குடியிருப்பு, முன்னால் ஐந்தடி பால்கனி. முட்டுப் பிரித்து இரண்டு வாரம் ஆகிறது. பால்கனியில் துளசி மாடமும் பெரிய பெரிய சிமெண்டுத் தொட்டிகளும் வைத்தாகிவிட்டது என்று போன ஞாயிறுதான் டாக்டர் போன் செய்து நன்றி சொன்னார், மண் ரொப்பித் தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது என்றார். திருமூர்த்தி ஆஸ்பத்திரி எண்ணை அழைத்தார். திரையில் இரண்டாவது சிவப்புக் கோடு விழுந்தது, மூன்றாவது விழுந்தது, பிரமீளா கையைக் கழுவிவிட்டு வந்து சோதனையை நிறுத்தப் போனாள், வேண்டாம் ஓடட்டும் என்று கையைக் காட்டினார். மறுமுனையில் ஒரு பெண் எடுத்தாள். டாக்டர் உள்ள பேஷண்டுக்குப் பல் எடுத்துட்டு இருக்காருங்க, நீங்க அப்பாயிண்ட்மெண்டா என்று கேட்டாள். வெளியே காத்திருக்கிறவர்கள் எத்தனை பேர், எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டார். அவளுக்கு இந்தக் கேள்வி விளங்கவில்லை, ஆனாலும் நல்ல பெண், எட்டிப் பார்த்துச் சொன்னாள். "ஒம்போது பேரு இருப்பாங்க. பால்கனிக்குக் கீழதானுங்க பெஞ்சு போட்டிருக்குது, நெழலு நல்லா இருக்குமுங்க." எல்லோரையும் எழுந்து ரோட்டுக்கு வரச் சொல்லுங்கள், வெயிலாக இருந்தாலும் பரவாயில்லை, இந்த நிமிடமே, யாரும் மேலே பால்கனிக்குப் போகவும் கூடாது, பிறகு டாக்டரிடம் போனைக் கொடுங்கள் என்றார். அவள் தயங்கினாள். ஒன்பது பேரைக் காரணம் இல்லாமல் வெயிலில் நிற்கவைத்தால் டாக்டர் அவளைத்தான் திட்டுவார். யார் சொன்னதென்று சொல்லட்டும், எந்த ஆபீஸ் என்று கேட்டாள்.

"படம் போட்டவன்னு சொல்லுங்கம்மா" என்றார் திருமூர்த்தி. "நான்தான் போட்டேன்."